பேனா ஸ்பிரிங்

பதினோரு மணிக்குக் கமிட்டி. இப்ப ஒன்பதே முக்கால். ரெண்டு வரி எழுதணும், ரெண்டே வரி, அதுக்குப் போயி அரை மணி நேரமா ஒரு வெள்ளைத் தாளை முன்னால வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். எங்க ரைபிள் கிளப்புக்குச் செயலாளர் பல் டாக்டர் சண்முகவேல். அவரு நேத்தே போன்ல சொல்லிட்டாரு, அண்ணாச்சி, பெருசா ஒண்ணும் வேண்டாம், சனிக்கிழமை ஒரு பிள்ளைக்கு அடிபட்டுதே, அந்த ரைபிளைக் கழட்டிப் பாத்தேன், குறை ஒண்ணும் இல்லைன்னு எழுதி, கீழ ஞானதிரவியம், ஆர்மரர், ஓய்வுபெற்ற ஹவில்தார்னு கையெழுத்துப் போட்டுருங்க, மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்னு. மத்ததுன்னா இலக்கியா, அன்னைக்கு அந்த ரைபிளைக் கையில வச்சிருந்த பிள்ளை. கமிட்டி கூடி, கவனக்குறைவுன்னு ஒரு வார்த்தை எழுதி, அந்தப் பிள்ளை பேரை அடிச்சிருவாங்க. அடிச்சா அடுத்த மாசம் போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுல அவ கொண்டுபோக வேண்டிய சான்றிதழும் கிடையாது. டாக்டர் பேசின குரல் இருக்கே, கொஞ்சம் வலிக்கும், உடனே முடிஞ்சிரும்னு பல்லு பிடுங்க வந்தவன்கிட்ட சொல்லுத குரல். நானும் சரி சார்னுதான் சொன்னேன். இருபத்திநாலு வருசம் பட்டாளத்துல துப்பாக்கி ரிப்பேர் பாத்து, சரி சார் சொல்லிப் பழகின வாயி, அதுக்கு வேற என்ன தெரியும்.

எழுதத்தான் பாக்குதேன். பேனாவை எடுத்து ‘ரை’ன்னு போடுதேன், நுனி உள்ள போயிருது. பின்னால கட்டைவிரலை வச்சி அமுக்கிக்கிட்டே எழுதினா கோணல்மாணலா வருது. பேனாவுக்குள்ள ஸ்பிரிங் இல்லை. ஸ்பிரிங் எங்க இருக்குன்னு இந்த உலகத்துல எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும். இந்தா, முன்னால மேசையில படுத்துக் கிடக்குதே இந்த ரைபிள், இதுக்குள்ள இருக்கு. பாயிண்ட் டூ டூ, அறுபது வருசத்துக்கு முந்தின சீமைச் சாமான், கட்டையில கைபட்டுக் கைபட்டுக் கறுத்துப்போன இடம், பின்னால நான் கோந்து போட்டு ஒட்டின தகடு. இந்த அறைக்குக் கோத்துன்னு பேரு, துப்பாக்கி வைக்குத அறைக்குப் பட்டாளத்துப் பேச்சு அது. கோத்துல எப்பவும் எண்ணெய் மணம் இருக்கும். அந்த மணம் வந்தாலே எனக்கு மனசு அடங்கிரும், வீட்டுல சண்டை போட்டுட்டு வந்தாக்கூட. ஒரு வாரமா அந்த மணம் வந்தா எழும்பிப் போயி ஜன்னலைத் திறக்குதேன். காலையில இட்டிலியை வச்சிட்டு என் வீட்டுக்காரி கேக்கா, என்ன, ரெண்டோட எழும்பிட்டீங்கன்னு. வயிறு சரியில்லைன்னேன். அது பொய் இல்லை. இந்த வாரத்துல நான் சொன்னதுல பொய் இல்லாதது அது ஒண்ணுதான்.

இலக்கியா வந்து கேட்டதுதான் ஆரம்பம், இல்ல, அப்படிச் சொல்லாத ஞானதிரவியம், அவ கேக்கவே இல்லை. அவ சொன்னது, டிரிக்கர் கல்லு மாதிரி இருக்கு அண்ணாச்சி, இழுக்குதப்போ குழல் ஆடிப்போகுதுன்னு. அவ்வளவுதான் சொன்னா. நான்தான் கொண்டா பாப்போம்னு வாங்கினேன். மெலிஞ்ச விரல் அவளுக்கு. அம்மாகூட உக்காந்து சின்ன வயசுல இருந்து பீடி சுத்துதவ, நுனியை மடக்கி மடக்கி அந்த ஆள்காட்டி விரலுக்கு ஒரு சூட்சுமம் வந்திருந்தது. அவ டிரிக்கரைத் தொடுததைப் பாத்தாலே தெரியும், இழுக்க மாட்டா, மடக்குவா. அப்பேர்ப்பட்ட விரலுக்கு மூணே முக்கால் கிலோ டிரிக்கர். நானே நிறுத்துப் பாத்தேன். என் மச்சான் மளிகைக் கடையில வாங்கின எடைக்கல்லுதான் எனக்கு அளவு. டிரிக்கர்ல கம்பியை மாட்டி, கம்பியில கல்லைக் கட்டி, போல்ட்டை, அதான் சுடுததுக்கு முன்னால இழுத்துத் தள்ளுத தாழ்ப்பாளை, ஏத்தி வச்சி, குழல் மேல பாக்க ரைபிளைத் தூக்கணும். கல்லு தரையை விட்டு எழும்பணும், டிரிக்கர் விழக்கூடாது. மூணரைக் கிலோவைச் சும்மா பூ மாதிரி தூக்குச்சு இந்தக் கிழட்டு ரைபிள். கிளப்பு விதிப்படி குறைஞ்சது ரெண்டு கிலோவைத் தாங்கணும். ரெண்டுல கொண்டுவந்து நிப்பாட்டியிருந்தா நான் மனுசன்.

நிப்பாட்டலை. டிரிக்கருக்கு மேல ஒரு சின்னப் பல்லு உண்டு, சுட வேண்டிய நேரம் வரைக்கும் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு நிக்குதது அதுதான். அதை எண்ணெய்க் கல்லுல வச்சித் தேய்ச்சேன். கரடுமுரடு போயி கண்ணாடி மாதிரி ஆச்சு. ரெண்டு கிலோ வந்துட்டு. சரி, போதும்னு கை சொல்லிட்டு. ஆனா கல்லு மேல இரும்பு வழுக்குத அந்தச் சுகம் இருக்கே, ஸ்ஸு ஸ்ஸுன்னு, அது விடலை. இன்னும் பத்து இழுப்பு. இன்னும் அஞ்சு. அதோட விட்டேனா, உள்ள இருந்த ஸ்பிரிங் வேற முரட்டு ஸ்பிரிங், சென்னைக்கு எழுதிப் போட்டா வர ஒரு மாசம் ஆகும், சனிக்கிழமை போட்டி. சட்டைப் பையில ஓசியில வந்த பேனா இருந்தது, சிமெண்டு கம்பெனிக்காரன் குடுத்தது. அதைக் கழட்டி, அந்த ஸ்பிரிங்கை ரெண்டு சுத்து வெட்டி, உள்ள வச்சேன். பட்டாளத்துல இப்படி ஒருத்தன் செஞ்சதைப் பாத்திருந்தா அவனைச் சட்டையைப் பிடிச்சு வெளிய தள்ளியிருப்பேன். இங்க எவன் பாக்கான். நான்தான் ஆர்மரர், நான்தான் சோதிக்குதவன், நான்தான் கையெழுத்துப் போடுதவன். ஒண்ணே கால் கிலோவுக்கு வந்துட்டு. அவ கையில குடுத்தேன். வெறும் டிரிக்கரை ஒரு தடவை மடக்கிப் பாத்துட்டு முகம் அப்படியே மலர்ந்து போச்சு பிள்ளைக்கு. அண்ணாச்சி, வெண்ணெய் மாதிரி இருக்குன்னா. வெண்ணெய். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே தேய்ச்சேன். பிள்ளைக்காகத் தேய்ச்சேன்னு இந்த ஒரு வாரமா எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன், ஆண்டவருக்குத் தெரியும், எனக்காகத்தான் தேய்ச்சேன். ஞானதிரவியம் கை பட்டா ரைபிள் வெண்ணெய் ஆயிரும்னு நாலு பேரு சொல்லணும்.

அந்தச் சாக்கு. திரும்பத் திரும்ப அந்தச் சாக்குக்குத்தான் வந்து நிக்கேன். ரிப்பேர் பண்ணின எந்த ரைபிளையும் வெளிய குடுக்குததுக்கு முன்னால, காலியா வச்சி, போல்ட்டை ஏத்தி, பின்கட்டையைச் சிமெண்டுத் தரையில மூணு தட்டு தட்டணும். டக்குன்னு டிரிக்கர் தானா விழுந்தா அந்த ரைபிள் வெளிய போகக்கூடாது. இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், கழுதைகூடத் தட்டும். வியாழக்கிழமை சாயங்காலம் தட்டப் போனேன். பின்னால தகடு விரிசல் விட்டிருந்ததை அப்பத்தான் ஒட்டியிருந்தேன், கோந்து ஈரம். சிமெண்டுல தட்டினா தகடு பிய்ஞ்சிரும். அதனால மூலையில கிடந்த கோணிச் சாக்கை நாலா மடிச்சுப் போட்டு, அது மேல தட்டினேன். மூணு தட்டு. விழலை. புஸ்தகத்துல சோதித்தாச்சுன்னு எழுதினேன். வெள்ளிக்கிழமை காலையில கோந்து காஞ்சு கல்லு மாதிரி இருந்தது. ரைபிளை எடுத்துத் துடைச்சுக்கிட்டு இருக்கும்போது தோணிச்சு, இப்பத் தட்டிப் பாருடே, சாக்கு இல்லாமத் தட்டுன்னு. தோணலைன்னு சொல்ல முடியாது. தோணிச்சு. கையில ரைபிள் இருக்கு, காலுக்குக் கீழ சிமெண்டுத் தரை இருக்கு. மூணு தட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும், ஒரு இருமல் இருமுத நேரம். தட்டலை. ஏன்னா விழும்னு தெரியும். அப்படித் தெளிவா வார்த்தையாத் தெரியாது, ஆனா கைக்குத் தெரியும். விழுந்தா திரும்பக் கழட்டணும், பழைய ஸ்பிரிங்கை மாட்டணும், அவகிட்டப் போயி வெண்ணெய் இல்லை எம்மான்னு சொல்லணும். பரவாயில்ல, ஒண்ணும் ஆகாதுன்னு ரைபிளைக் கொண்டுபோயி வரிசையில வச்சிட்டேன்.

சனிக்கிழமை, லோட்னு ஆர்டர் குடுத்தாங்க. எங்க கிளப்புல ஒரு வழக்கம், குறைச்சலா சொன்னாலும் இருபது வருசமா உள்ளது, சுடுத இடத்துல முன்னால ஒரு சிமெண்டு மேடை இருக்கு, அதுல பின்கட்டையை ஊன்றிக்கிட்டுத்தான் எல்லாரும் லோட் பண்ணுவாங்க. இலக்கியாவும் அப்படித்தான் பண்ணினா. தோட்டாவைப் போட்டு, போல்ட்டைத் தள்ளிப் பூட்டி, ரைபிளை ஒரு அங்குலம் தூக்கிச் சரியா வச்சா. வச்ச அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுது. பின்னால கோத்து வாசல்ல நின்ன எனக்கு, அந்த ணக்குன்னு சத்தமும், கூடவே வெடிச்ச சத்தமும். குண்டு மேல போயி தகரக் கொட்டகை இரும்புல பட்டுச் சிதறி, ஒரு துணுக்கு பக்கத்து இடத்துல நின்ன ரெஜினா கன்னத்துல. வலது கண்ணுக்குக் கீழ, ஒரு விரக்கடை. நாலு தையல். ஒரு விரக்கடை மேல பட்டிருந்தா அந்தப் பிள்ளைக்குக் கண்ணு இருந்திருக்காது. ரெஜினாவைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் ஓடுதாங்க, நான் எங்க ஓடினேன், ரைபிள்கிட்ட ஓடினேன். வேற யாரும் தொடுததுக்கு முன்னால அதைக் கோத்துல வச்சிப் பூட்டத்தான் ஓடினேன். அன்னைக்கே எல்லாரும் ஒரே வாயாச் சொல்லிட்டாங்க, விரலை உள்ள விட்டிருக்கா, வேற என்னன்னு. இலக்கியாகூட அழுதுக்கிட்டே அதைத்தான் சொன்னா. என் விரல் உள்ள போயிருக்கும் சார்னு எழுதியும் குடுத்துட்டா. நான் பக்கத்துல நிக்கேன். என்னை யாரும் பாக்கலை. இப்பச் சொல்லலாம், இப்பச் சொல்லலாம்னு இருக்கும்போதே அவங்க வேற பேச்சுக்குப் போயிட்டாங்க.

வீட்டுல சாயங்கால ஜெபத்துல என் வீட்டுக்காரி ரெஜினா பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுதா. அந்தப் பிள்ளை முகத்துல தழும்பு இல்லாம ஆத்தும் ஆண்டவரேன்னு. நான் ஆமென்னு சொல்லுதேன். அடுத்தாப்ல, கவனமில்லாம சுட்ட அந்தப் பிள்ளைக்கும் நல்ல புத்தியைக் குடும் ஆண்டவரேங்கா. அதுக்கும் ஆமென். ஆறு நாளா ஆமென். சொன்னா என்ன ஆகும்னு யோசிக்காமலா இருக்கேன். ஆர்மரர் வேலை போகும். போலீஸ்ல கேஸ் ஆகலாம், ரெஜினா வீட்டுக்காரங்க வாசல்ல வந்து நிக்கலாம். அதெல்லாம்கூடப் பெருசா இல்லை. பேனா ஸ்பிரிங்னு சொல்லும்போது டாக்டர் முகம் எப்படிப் போகும், அதை நினைச்சாத்தான் காது சூடாகுது. பேனா ஸ்பிரிங்கா அண்ணாச்சின்னு கேப்பாரு. ஊருபூரா அதைச் சொல்லிச் சிரிக்கும். அப்ப எனக்கு ஒரு பிள்ளையோட வேலை, ஒரு பிள்ளையோட கன்னம், இதைவிட என் காதுச் சூடுதான் பெருசு. இப்படியும் ஒரு ஆளு.

மேசை டிராயர்ல இருமல் மிட்டாய் டப்பி இருக்கு. அதுக்குள்ளதான் பழைய ஸ்பிரிங். திறந்து பாக்குதேன், சும்மா பாக்கத்தான். முரட்டுச் சாமான், அறுபது வருசத்துக்கு அப்புறமும் விரலைத் தள்ளுது. மாட்டினா எப்படி இருக்கும்னு பாப்போமே, அதுவும் சும்மாதான். ரெண்டு ஆணியைத் தட்டி எடுத்தா ஆச்சு. எடுத்தாச்சு. பேனா ஸ்பிரிங் வெளிய, பழைய ஸ்பிரிங் உள்ள. கை எவ்வளவு சுருக்காச் செய்யுது பாரு, தப்பு செய்யும்போது மட்டும் கைக்கு வயசே ஆகலை. தேய்ச்ச பல்லு தேய்ச்சதுதான், அது இனி வளராது, ஆனா இந்த ஸ்பிரிங் அழுத்துத அழுத்தத்துல பிடிச்சு நிக்கும். குழல் காலியான்னு பாத்து, போல்ட்டை ஏத்தி, சிமெண்டுத் தரையில தட்டுதேன். சாக்கு இல்லை. விழலை. இன்னும் பலமா. விழலை. பத்து தட்டு தட்டியாச்சு, அசைய மாட்டேங்கு. இப்ப எழுதலாமே. ரைபிளைக் கழட்டிப் பாத்தேன், குறை ஒண்ணும் இல்லை. இதுல ஒரு எழுத்து பொய் கிடையாது. கழட்டினேன், பாத்தேன், இந்த நிமிசத்துல குறை இல்லை. சரி, இந்தச் சின்ன ஸ்பிரிங்கை என்ன செய்ய. சாக்கடையில போடலாம். ஜன்னல் வழியா எறியலாம். யோசிச்சுக்கிட்டே இருக்கேன், கை பேனாவைத் திருகித் திறந்து அதுக்குள்ளயே போட்டு மூடிட்டு. ரெண்டு சுத்து குறைச்சல், ஆனாலும் பிடிக்குது. டிக்குன்னு நுனி வெளிய வந்து நிக்குது. எழுதுதேன். எவ்வளவு அழகா எழுதுது. ரெண்டு வரி, கையெழுத்து, தேதி. ஒளிச்சு வைக்க இதைவிட நல்ல இடம் எந்த ராசா கோட்டையிலயும் கிடைக்காது.

“அண்ணாச்சி.”

வாசல்ல இலக்கியா. நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நிக்கா.

“உள்ள வரலாமா அண்ணாச்சி, இல்ல நான் இப்ப வரக்கூடாதா?”

“வாம்மா” என்றேன். தாளைக் கவுத்து வச்சேன். எதுக்குக் கவுத்தேன், அவளுக்குத் தெரியாத ஒண்ணையா எழுதியிருக்கேன்.

கையுறையையும் தோல்வாரையும் மேசையில வச்சா. கிளப்புச் சாமான், திருப்பிக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்னா. அப்பத்தான் பாத்தேன், வலது கையில ஆள்காட்டி விரல் மட்டும் வெள்ளை பிளாஸ்திரி சுத்தி நீட்டிக்கிட்டு இருக்கு.

“என்னட்டி விரல்ல, காயமா?”

“காயம் இல்ல அண்ணாச்சி. ஐஸ் குச்சி வச்சிக் கட்டியிருக்கேன்.” கொஞ்சம் வெக்கமாச் சிரிச்சா. “டிரிக்கர் பக்கம் போவாம நீட்டியே நிக்கப் பழகணும்லா. ஞாயித்துக்கிழமை கட்டினேன். தூங்கும்போதும் அவுக்கலை.”

நான் என்ன கேட்டேன்னா, “அப்ப பீடி?”

“அம்மா தனியாச் சுத்துதா. நான் இலை வெட்டிக் குடுக்கேன். மடக்க விரல் வேணும்லா.” விரலைத் தூக்கி அவளே பாத்துக்கிட்டா. “கமிட்டியில இதைக் காட்டலாம்னு நினைச்சேன். பழகிட்டேன்னு சொன்னா ஒரு தடவை மன்னிப்பாங்களா அண்ணாச்சி?”

“உனக்கு நல்லா ஞாபகம் இருக்கா, விரல் உள்ள போச்சுன்னு?”

“இல்லை. அதான் பயமா இருக்கு. வெளிய வச்சிருந்த மாதிரிதான் ஞாபகம். ஆனா வெடிச்சிருக்கே. நீங்களே முதல் நாள் வகுப்புல சொல்லியிருக்கீங்கள்லா, துப்பாக்கி தானா வெடிக்காது, வெடிச்சா விரல்தான்னு. அப்ப என் ஞாபகந்தான் பொய் சொல்லுது. அதை நினைச்சா ராத்திரி தூக்கம் வரலை.”

சொன்னேன். ஆமா, முதல் நாள் வகுப்புல, கரும்பலகையில பெருசா எழுதிப்போட்டுச் சொன்னேன். அந்த வகுப்புல நான் நின்ன நிப்பு ஞாபகம் வருது, மீசையைத் தடவிக்கிட்டு. இவ மூணாவது வரிசையில உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தா. எழுதினதை நம்பி, தான் கண்ணால பாத்ததை நம்பாம, ஒரு வாரமா விரலைக் கட்டிப் போட்டுக்கிட்டுத் திரியுதா பிள்ளை. நான் இங்க உக்காந்து எழுத்து அழகா விழுதுன்னு ரசிச்சுக்கிட்டு இருக்கேன். த்தூ.

பேனாவைத் திருகினேன். ஸ்பிரிங்கை எடுத்து மேசையில வச்சேன். ரைபிள்ல ரெண்டு ஆணியைத் தட்டி எடுத்து, பழையதைக் கழட்டி, அதை உள்ள வச்சேன். இப்ப ஒரு ஆணி ரெண்டு தடவை கீழ விழுந்தது. அவதான் குனிஞ்சு எடுத்துக் குடுத்தா.

“அது பேனா ஸ்பிரிங்லா அண்ணாச்சி” என்றாள்.

“ஆமா. ரைபிளை எடு. காலியான்னு பாரு.”

பாத்தா. வகுப்புல சொல்லிக் குடுத்தபடி குழலுக்குள்ள ஒரு தடவை, வெளிச்சத்துல காட்டி ஒரு தடவை. காலிதான்னா.

“போல்ட்டை ஏத்து. பின்கட்டையைத் தரையில தட்டு. லோட் பண்ணும்போது ஊன்றுவியே, அந்த அளவுக்குத்தான்.”

ரெண்டு கையாலயும் கட்டையைப் பிடிச்சா. வெள்ளை பிளாஸ்திரி சுத்தின விரல் தனியா, விலகி, ஜன்னலைப் பாத்து நீட்டிக்கிட்டு நின்னது. தட்டினா.

டக்.

குனிஞ்சு விரலைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா.

“நான் தொடலை.”

“தொடலைம்மா.”

திரும்பப் போல்ட்டை ஏத்தித் தட்டினா. டக். மூணாவது தடவை நான் சொல்லாமலே தட்டினா. அதுவும் விழுந்தது. அந்த மூணு தட்டை நான் தட்டியிருக்கணும். ரைபிளை மெதுவா மேசையில வச்சா. ஏசுவான்னு நினைச்சேன். ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

“உங்களுக்கு எப்பத் தெரியும் அண்ணாச்சி?”

சனிக்கிழமைன்னு சொல்லலாம். வெடிச்ச பிறகுதான் தெரிஞ்சுதுன்னு சொன்னா இவ நம்புவா, கமிட்டியும் நம்பும், வயசான மனுசன், தெரியாம நடந்துபோச்சுன்னு விட்டாலும் விடுவாங்க. வெள்ளிக்கிழமை காலையில இந்தச் சிமெண்டுத் தரையைப் பாத்துக்கிட்டு நான் நின்னது என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. வாய் வரைக்கும் வந்துட்டு சனிக்கிழமை.

“வெள்ளிக்கிழமை” என்றேன். “போட்டிக்கு முந்தின நாள் காலையிலயே.”

அவ தலையாட்டினா. கணக்குக்கு விடை சொன்னா வாத்தியார் தலையாட்டுவாரே, அப்படி. எழுதி வச்ச தாளை நாலாக் கிழிச்சுப் போட்டேன். மேல கமிட்டி அறையில நாற்காலி இழுக்குத சத்தம் கேட்டது. வாம்மா, இப்பத் தட்டினதை அங்க அவங்க முன்னால ஒரு தடவை தட்டு, மத்ததை நான் சொல்லுதேன், வெள்ளிக்கிழமையையும் சேத்துச் சொல்லுதேன்னேன். அவ பிளாஸ்திரியைப் பல்லால கடிச்சு இழுத்துச் சுத்துச் சுத்தாப் பிரிச்சுக்கிட்டு இருந்தா. ஐஸ் குச்சி தரையில விழுந்தது. உள்ள விரல் வெளுத்து, ஊறிப்போயி, குச்சியோட அச்சு அப்படியே பதிஞ்சு கிடந்தது. குச்சி போன பிறகும் விரல் நீட்டிக்கிட்டுத்தான் நின்னது. ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணினா. பிடிச்சு நீவி விடலாம்னு என் கை பாதி தூரம் போயி நின்னுட்டு.

“மடங்க மாட்டேங்கு அண்ணாச்சி” என்றாள்.